வெயிலில் எடுத்த இருட்டுப் படம்

சினிமாக்காரர்களுக்கு இடம் பிடித்துக் கொடுக்கும் தொழிலில் பாதி வேலை இடத்தைக் காட்டுவது. மீதிப் பாதி, அந்த இடத்தில் என்ன நடந்தது என்பதைக் காட்டாமல் இருப்பது. வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுத்தவர்கள், கல்யாணத்துக்கு வரன் பார்த்துக் கொடுத்தவர்கள், அடுத்தவன் பழைய பைக்கை விற்றுக் கொடுத்தவர்கள் எல்லாரும் என் கட்சிதான். நாம் சொல்லாமல் விட்டது என்றைக்காவது நம் சட்டையைப் பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

நான் சிவகாசி வட்டாரத்தில் இந்த வேலை பார்க்கிறேன். அதற்கு முன் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். இப்போதும் ஊரில் 'போர்மேன் அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இங்கே எடுத்த ஒரு படத்தைக் காலேஜ் பிள்ளைகள் 'கிளாசிக்' என்கிறார்கள், 'நியோ நுவார்', அதாவது இருட்டுப் படம், என்கிறார்கள், 'சைக்கலாஜிக்கல் திரில்லர்' என்கிறார்கள். செல்போனில் நிறுத்தி நிறுத்திப் பார்த்து ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். சொல்லட்டும். அவர்கள் பார்க்காத பக்கம் ஒன்று இருக்கிறது, அதை நான் சொல்கிறேன்.

இருட்டு கேட்ட டைரக்டர்

டைரக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. திருத்தங்கல் டீக்கடையில் வைத்துக் கதை சொன்னார். பட்டாசுக் கம்பெனியில் விபத்து, நாலு பேர் சாகிறார்கள். பிழைத்த போர்மேனுக்குத் தலையில் அடி. அன்றைக்குக் காலையில் நடந்தது எதுவும் அவனுக்கு ஞாபகம் இல்லை. தப்பு யார் செய்தது என்று அவனே தேடிப் போகிறான். செத்துப்போன தொழிலாளி ஒருத்தன் மேல் பழியைப் போடுகிறான். கடைசியில் பார்த்தால், செய்தவன் அவன்தான். கேட்கக் கேட்க எனக்கு டீ இறங்கவில்லை.

படம் பூரா இருட்டாக இருக்க வேண்டும் என்றார். நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன். பட்டாசு ரூமில் கரண்ட் கிடையாது, விளக்கு கிடையாது. வெயில் சாய்ந்தால் வேலை முடிந்தது. ஓடித் தப்பிக்க எதிரெதிரே கதவு வைத்திருப்பார்கள், உள்ளே வெள்ளைவெளேர் என்று வெளிச்சம் அடிக்கும். இருட்டுக்கு எங்கே போவது? அந்தப் படத்தை உச்சி வெயிலில் எடுத்ததைத்தான் இன்றைக்கு எல்லாரும் மெச்சிக்கொள்கிறார்கள். அந்த யோசனை டைரக்டருடையது இல்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுப் போகிற போக்கில் சொன்னது: "தம்பி, இங்கன சாவு பூராம் பட்டப்பகல்லதான். இருட்டுல என்னத்த எடுக்கப் போறீக?"

வேப்பமரம் நின்ற கம்பெனி

வேலை நடக்கிற கம்பெனிக்குள் கேமராவும் ஜெனரேட்டரும் போகாது. பூட்டிக் கிடக்கிற கம்பெனிதான் வேண்டும். ஆலங்குளம் ரோட்டில் ஆரம்பித்து மூன்று நாள் டைரக்டரைப் பைக்கில் வைத்துச் சுற்றினேன். ஒன்றில் முள் மண்டிக் கிடக்கிறது என்றார், ஒன்றில் சுவர் புதுசாக இருக்கிறது என்றார். எம். புதுப்பட்டிப் பக்கம் மட்டும் நான் வண்டியைத் திருப்பவே இல்லை. நாலாம் நாள் அவரே காரை எடுத்துக்கொண்டு போய், ஒரு பக்கம் மட்டும் தழைத்த வேப்பமரம் நிற்கிற கம்பெனியைப் பார்த்துவிட்டு வந்து, "இதான் சார், இதான்" என்றார்.

அது நான் போர்மேனாக இருந்த கம்பெனி. மரத்தின் மறுபக்கம் ஏன் தழைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பத்து வருஷத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலையில் அங்கே ஆறாம் நம்பர் ரூம் வெடித்து நாலு பேர் போனார்கள். முதலாளி அதன் பிறகு பட்டாசை விட்டுவிட்டுத் திருத்தங்கலில் காலண்டர் பிரஸ் நடத்துகிறார். அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்கிற நம்பிக்கையில்தான் டைரக்டரைக் கூட்டிக்கொண்டு போனேன். மனுஷன் காலண்டர் அட்டைகளைப் புரட்டியபடி, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "எடுத்துக்கிடட்டுமே, எனக்கென்ன. கட்டடம் பேசவா போகுது, போர்மேன்?"

டெக்னிக்கலா ஒரு தப்பு

டைரக்டரிடம் கதை இருந்தது, தப்பு இல்லை. போர்மேன்தான் குற்றவாளி என்று எழுதிவிட்டார், ஆனால் அவன் என்ன செய்தான் என்று எழுதத் தெரியவில்லை. "நீங்க எத்தனையோ வருஷம் போர்மேனா இருந்தவர். விபத்து ஆகுற மாதிரி ஒரு போர்மேன் என்ன சார் பண்ணுவான்?" என்று தினமும் என் உயிரை எடுத்தார்.

உங்களிடம் சொல்வதற்கு என்ன. அன்றன்றைக்குக் கலந்த வெடிமருந்தை அன்றன்றைக்கே பட்டாசில் அடைத்துத் தீர்க்க வேண்டும். மிஞ்சினால் சாயங்காலமே அழித்துவிட வேண்டும். பட்டாசு வேலையில் இதுதான் அரிச்சுவடி. ஈரம் பட்டுக் கிடந்தால் மருந்து தானாகவே சூடாகும். அந்தச் சனிக்கிழமை மழை மூட்டம் போட்டிருந்தது. தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரித்தது. ஆறாம் நம்பர் ரூமில் ஒரு பேசின் மருந்து மிஞ்சிவிட்டது. மாரியப்பன் என்கிற தொழிலாளி என்னிடம் வந்து, "அண்ணாச்சி, அழிச்சிருவோமா?" என்று கேட்டான். "கிடக்கட்டும்லே, திங்கக்கிழமை மொத வேலையா அடைச்சிரலாம்" என்றேன். திங்கட்கிழமை அவனும் இன்னும் மூன்று பேரும் ரூமுக்குள் போனார்கள். நான் கேட்டில் நின்று லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். போலீஸ் என்னைப் பிடித்துப் பதினெட்டு நாள் உள்ளே வைத்தது. முதலாளியின் வக்கீல் டைப் அடித்த காகிதத்தோடு வந்தார். மாரியப்பன் கவனக்குறைவாக மருந்தைத் தேய்த்ததால் விபத்து என்று அதில் இருந்தது. எழுதியது நான் இல்லை, கையெழுத்து மட்டும் என்னுடையது. போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

இதையா டைரக்டரிடம் சொல்ல முடியும்? யாரோ இரும்புக் கம்பியை ரூமுக்குள் கொண்டுபோய்விட்டான், போர்மேன் கவனிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார். பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார். "சார், இது ஒருத்தன் செஞ்ச தப்பு மாதிரி இல்ல, யாரோ சொல்லிக் கொடுத்த தப்பு மாதிரி இருக்கு."

மாவு குவித்த ரூம்

கூட்டத்தில் நடிக்க எம். புதுப்பட்டியிலிருந்து முப்பது பேரை வேனில் ஏற்றினேன். எல்லாரும் நிஜமாகவே பட்டாசு வேலை பார்ப்பவர்கள். அதே கம்பெனிக்குள் திரும்ப வருவார்களா என்று எனக்குப் பயம். தீபாவளி முடிந்து கம்பெனிகள் எல்லாம் அடைத்து, வேலை இல்லாமல் கிடந்த நேரம், வந்துவிட்டார்கள். ஆறாம் நம்பர் இருந்த இடத்தில் செங்கல்தான் கிடந்தது. ஷூட்டிங் பக்கத்து ரூமில்.

அங்கே மைதா மாவில் கரித்தூளைக் கலந்து மருந்து மாதிரிக் குவித்து வைத்திருந்தார்கள். காஸ்ட்யூம் பார்க்கிற பெண் எல்லாருக்கும் பளபளவென்று நைலான் சேலை கொடுத்தாள். ஒருத்தியும் கட்டவில்லை. நைலான் உரசினால் பொறி வரும், பருத்தி தவிர எதுவும் ரூமுக்குள் ஆகாது. செருப்பை வெளியே விட்டார்கள். கொண்டை ஊசியை உருவிச் செருப்புக்குள் வைத்தார்கள். வாசலில் பதித்திருந்த செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கிற கரண்டை இறக்கிவிட்டு, ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள். அந்தத் தகட்டுக்குக் கீழே ஒயர் அறுந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. "சும்மா மாவுதானே அக்கா" என்று காஸ்ட்யூம் பெண் கெஞ்சினாள். வரிசையில் கடைசியாக நின்றது பேச்சியம்மாள், ஆறாம் நம்பர் ரூமில் மகளைப் பறிகொடுத்தவள். தகட்டில் வைத்த கையை எடுக்காமலே சொன்னாள்: "மாவா இருந்தா என்ன தாயி, ரூமு ரூமுதான்."

பேர் கூப்பிட்டது

செல்வராணியை நான் கூப்பிடவில்லை. அவளாகவே வேனில் ஏறி உட்கார்ந்திருந்தாள். மாரியப்பன் பெண்டாட்டி. அந்தக் காகிதத்தில் இருந்தது ஊருக்குத் தெரிந்த நாளிலிருந்து, செத்துப்போன மற்ற மூன்று பேர் வீட்டுக்காரர்களும் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உன் புருஷன் கை சும்மா கிடந்திருந்தால் என் பிள்ளை இருந்திருக்கும் என்று பேச்சியம்மாள் தெருவில் வைத்துச் சொன்னதை ஊரே கேட்டது. நல்லது கெட்டதுக்குக் கூப்பிடுவதில்லை, ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. பத்து வருஷம் இப்படி. வேனிலும் அவள் பக்கத்து சீட் காலியாகத்தான் வந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் நான் பைக்கில் பின்னால் வந்தேன்.

டைரக்டருக்கு முகத்தில் நிஜமான பயம் வேண்டுமாம். யாரிடமும் சொல்லாமல் வெடியைப் போடச் சொல்லிவிட்டார். எனக்கும் தெரியாது, தெரிந்திருந்தால் அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். சத்தம் வந்ததும் முப்பது பேரும் எழுந்தார்கள், ஒருத்தரும் கத்தவில்லை. கிட்டே இருந்த கதவு வழியாக வெளியேறி நேராகக் கேட்டுக்கு ஓடினார்கள். அங்கே போய் நின்றதும் கூட வேலை பார்க்கிற ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தக் கம்பெனியில் எங்கள் வழக்கம் அது. பதில் வராத பேர் யாருடையது என்று பார்த்துத்தான் உள்ளே ஓடுவோம். எல்லாரும் கூப்பிட்டு முடித்து, பதிலும் கேட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். ஒரு பேர் மட்டும் யார் வாயிலிருந்தும் வரவில்லை. கூட்டத்தைவிட்டுப் பத்தடி தள்ளி நின்றவள், யாரையும் பார்க்காமல் தானே சொல்லிக்கொண்டாள்: "செல்வராணி இருக்கேன்."

ஒரு வரி வசனம்

வினை எங்கே வந்தது என்றால், அந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்த டைரக்டர், 'இந்த அம்மா முகம்தான் வேண்டும்' என்று செல்வராணிக்கு ஒரு வேஷம் கொடுத்துவிட்டார். செத்துப்போன தொழிலாளியின் மனைவி வேஷம். அவள் யார் என்று அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. போர்மேனாக நடிக்கிற ஹீரோவுக்கு முன்னால் அவள் வந்து நின்று, "எம் புருசன் செஞ்ச தப்புக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்" என்று கும்பிட வேண்டும். ஒரே வரி.

கும்பிட்டாள். "எம் புருசன்" என்பாள், அதற்கு மேல் வாய் வராது. பதினோரு தடவை எடுத்தார்கள். ஹீரோ சலித்துக்கொண்டு கேரவனுக்குள் போய்விட்டார். டைரக்டர் அரை மணி நேரம் பிரேக் விட்டார். செல்வராணி நான் நின்ற இடத்துக்கு வந்து, "அண்ணாச்சி, படத்துல கடைசியில யாரு செஞ்சதுன்னு வருது?" என்று கேட்டாள். போர்மேன் என்றேன். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள். பிறகு, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்: "சினிமாக்காரக ரெண்டரை மணி நேரத்துல கண்டுபிடிச்சிர்றாக. நம்ம ஊருல பத்து வருசமா ஒருத்தரும் தேடலையே, அண்ணாச்சி."

ஹீரோ நிற்க வேண்டிய இடம்

அந்த வரி இல்லாமலே, அவள் கும்பிட்டதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அடுத்தது கடைசிக் காட்சி. போர்மேனுக்கு ஞாபகம் திரும்பிவிடுகிறது. உச்சி வெயிலில், இடிந்த ரூமில், அந்தப் பெண்ணின் முன்னால் நின்று 'நான்தான்' என்று சொல்ல வேண்டும். ஹீரோ வெயில் தாங்காத ஆள். கேமரா அளவு பார்க்கிற வரைக்கும் அவர் உயரத்தில் யாராவது நின்றால் போதும் என்றார்கள். என் உயரம் சரியாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஆறாம் நம்பர் செங்கல் மேல் ஏறி நின்றேன். செருப்பைக் கழற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை. எதிரே செல்வராணி.

"வசனம் வேண்டாம் சார், உதடு அசையணும், ஒண்ணு ரெண்டு எண்ணுங்க போதும்" என்றார் டைரக்டர். எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலுக்கு மேல் என்னால் எண்ண முடியவில்லை. செத்தது நாலு பேர். என்னை அறியாமலே வந்துவிட்டது: "சனிக்கிழமை மருந்து மிஞ்சிப்போச்சு. அழிச்சிருவோமான்னு மாரியப்பன் கேட்டான். நான்தான் கிடக்கட்டும்னேன். அவன் ஒரு தப்பும் செய்யலை." செல்வராணி அசையவில்லை. கண் மட்டும் என் மேல் இருந்தது.

டைரக்டர் ஓடி வந்தார். "சார், இதான் சார் அந்தத் தப்பு. இத்தனை நாளா எங்க வச்சிருந்தீங்க? உங்களுக்கு நடிப்பு வருது சார்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உதவியாளரைக் கூப்பிட்டு வரிக்கு வரி எழுதிக்கொள்ளச் சொன்னார். மாரியப்பன் என்கிற பேர் மட்டும் இந்தப் பக்கம் நிறையப் பேருக்கு இருக்கும், மாற்றிவிடலாம் என்றார். செல்வராணி சொன்னாள்: "பேரை மாத்த வேண்டாம் சார். அது எங்க வீட்டுக்காரரு பேருதான்."

காலைக் காட்சி

டைரக்டருக்கு அதன் பிறகு விளங்கியதோ இல்லையோ, என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. செல்வராணி கேட்டாள். வேன் கிளம்புகிற நேரம் ஜன்னல் வழியாக, "கேமராவுக்குச் சொல்லிட்டீக. பேச்சியக்காவுக்கு எப்பச் சொல்லுவீக?" என்றாள். படம் வரட்டும் என்றேன். வெட்டிவிடுவார்கள் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை. முதலாளி வேறு, சேதி தெரிந்து, அந்த வரியை எடுத்துரச் சொல்லுங்க என்று போன் போட்டார். நான் டைரக்டரிடம் கேட்டேன். ஆமாம், கேட்டேன், அதையும் மறைக்கவில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் சார் படமே என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

நடித்த எல்லாருக்கும் சினிமாக் கம்பெனியே டிக்கெட் எடுத்துக் கொடுத்தது. சிவகாசியில் காலைக் காட்சி. செல்வராணி ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் கடைசி வரிசை. திரையில் ஹீரோ என் வரியைச் சொன்னார், என்னைவிட நன்றாகவே சொன்னார். மாரியப்பன் என்கிற பேர் வந்ததும் முன் வரிசைகளில் தலைகள் திரும்பின. படம் முடிந்து வெளியே வந்தால் வாசலில் பேச்சியம்மாள் நிற்கிறாள், பின்னால் மற்ற இரண்டு வீட்டுப் பெண்கள். "அண்ணாச்சி, அது படத்துக்கு எழுதுனதா, நடந்ததா?" என்று கேட்டாள். படத்துக்கு எழுதியது என்று சொன்னால் முடிந்துவிடும். எல்லாரும் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். செல்வராணி தள்ளி, கேட் பக்கம், நாங்கள் பேசுவது கேட்கிற தூரத்தில் நின்றாள். கூப்பிடாத அவள் பேர்தான் என் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. "நடந்தது. நான் செஞ்சது" என்றேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேச்சியம்மாள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள், பிறகு திரும்பி, கேட் பக்கம் நின்ற செல்வராணியைப் பார்த்தாள். வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு, யாரிடம் சொல்கிறோம் என்றே தெரியாத மாதிரி சொன்னாள்: "பத்து வருசமா இவ கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கலையே, அண்ணாச்சி."

ஊர் ஊராக இடம் பிடித்துக் கொடுத்தவனுக்கு இன்றைக்கு எம். புதுப்பட்டியில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்க வாசல் இல்லை. பத்து வருஷம் செல்வராணி நின்ற இடத்தை எனக்கு நானே பிடித்துக் கொடுத்துக்கொண்டேன்.